இதர செலவுகள்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்களும் குறைவு. காஸ்டிங்காரர் என்றால் முதலாளி முதல் துணி மடிக்கும் பெண்வரை எல்லோருக்கும் விளங்கும். வெளிநாட்டிலிருந்து ஒரு பனியன் மாதிரிக்கு வந்தால், நூல் எவ்வளவு, பின்னல் கூலி எவ்வளவு, சாயம், தையல், பட்டன், அட்டைப்பெட்டி எவ்வளவு என்று தனித்தனியே பிரித்து, பீஸ் என்ன விலைக்குக் கொடுத்தால் நமக்குக் கட்டுப்படியாகும் என்று சொல்வது அவருடைய வேலை. நான் அங்கே ஸ்டோர் பொறுப்பாளனாக இருந்தேன். பட்டனும் லேபிளும் நூல்கண்டும் என் காவலில் இருந்தன. அவர் மேசையும் என் மேசையும் எதிரெதிரே. ஆகவே அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணமும் உண்டு. அந்தக் காரணம் அவரைக் காட்டிலும் என்னைச் சேர்ந்தது.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தேநீர் வாங்கினால் ஒன்றை இரண்டாகப் பிரித்தே வாங்குவார். நிராகரிக்கப்பட்ட அளவுப் பட்டியல்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். தரையில் பட்டன் கிடந்தால் குனிந்து எடுத்து, என் மேசைமேல் வைத்து, "உங்க சாமானுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். இவற்றில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எதைக் கண்டாலும் கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்து விலை சொல்லும் பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. என் மகளின் திருமண அழைப்பிதழை நீட்டியபோது அதையும் அப்படித் தேய்த்தார். "ஒம்பது ரூவாய்க்கு முடிஞ்சிருக்குமுங்க. ரெண்டு ரூவா சாஸ்தியாக் குடுத்துட்டீங்க" என்றார். என் மனைவி காலமான அன்று முதல் ஆளாக வந்தவரும் அவர்தான். குளிர்பெட்டியின் விளிம்பைத் தடவியபடி சற்றுநேரம் நின்றார். பிறகு என் காதருகே குனிந்து, "வாடகையில ஆயிரம் கொறைச்சிருக்கலாமுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பேசியிருப்பேன்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவரிடம் இருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

விவாகரத்துக்குச் செலவுக் கணக்குப் போடும் தொழிலை அவர் தேடிக்கொண்டு போகவில்லை. முதலாளியின் உறவினர் ஒருவர் காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருந்தார். அவர் மகனுடைய திருமணம் நான்காம் ஆண்டில் முறிந்தது. வழக்கு எவ்வளவில் முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை என முதலாளி ஒருநாள் பேச்சுவாக்கில் சலித்துக்கொண்டார். இவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். மூன்றாம் நாள், பனியனுக்குப் போடும் அதே கோடிட்ட தாளில், அதே ஒழுங்கில், ஒரு விவாகரத்தின் விலையை எழுதிக்கொண்டு வந்து வைத்தார்.

அந்தத் தாளை நான் பார்த்தேன். வழக்கறிஞர், முத்திரைத்தாள், போக்குவரத்து, நகை திருப்பிக் கொடுத்தல், ஒரே தடவையாகக் கொடுக்கும் தொகை என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை கெடும் என்பதும் இருந்தது. ஆடைக்குச் சேதாரம் ஒதுக்குவதுபோல இதற்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒதுக்கியிருந்தார். பெரும் செலவு வழக்கறிஞரால் வருவதில்லை, பேச்சால் வருகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. மாமன்மார் கூடி உட்கார்ந்து பேசினால் நாள் போகும், மனம் மாறும், புதிய கோரிக்கை முளைக்கும். ஆகவே இரண்டு கூட்டங்களுக்குமேல் கூடாது என்றார். அவற்றையும் மூன்று மணிக்கே கூட்டவேண்டும் என்றார். பதினொரு மணிக்குக் கூட்டினால் இலை போட வேண்டும், மூன்று மணி என்றால் காபியோடு முடிந்துவிடும்.

அந்தக் குடும்பத்தில், சீராக வந்த பித்தளை அண்டாவை ஆலைத் தராசில் ஏற்றி நிறுத்து, நான்காண்டுப் புழக்கத்துக்குத் தேய்மானம் கழித்ததும் அவரே. பெண்ணின் தாயார் அந்த அண்டாவைத் தொடாமலே திரும்பிப் போனார். மறுவாரம் அது விற்கப்பட்டது. அந்தத் தொகையை வரவில் சேர்த்து, தாம் சொன்ன மதிப்பீட்டுக்கும் குறைவாக வேலை முடிந்தது என்று அவர் காட்டினார். அதன்பின் பல வீட்டார் அவரைத் தேடி வரத் தொடங்கினர். பிரிவுக்கும் இப்படிச் செலவைக் குறைக்க வேண்டுமா என்று ஒருமுறை நான் மனம் பொறாமல் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஏனுங்க அண்ணாச்சி, கல்யாணத்துக்குச் செலவு பண்ணுனா நாலு பேரு உக்காந்து சாப்புட்டுப் போறாங்க. இதுக்குச் செலவு பண்ணுனா யாருங்க சாப்புடறாங்க?"

அவர் பேச்சின் இழிவு அதுதான். மறுக்க முடியாதபடி பேசுவார்.

அவருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. துணி வாங்கும் வெளிநாட்டார் ஆண்டுக்கு இருமுறை தணிக்கையாளரை அனுப்புவார்கள். தொழிலாளரை நியாயமாக நடத்துகிறோமா என்று அவர்கள் தொழிலாளரையே தனியே அழைத்துக் கேட்பார்கள். அதற்கு முன்தினம் கேண்டீனில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேள்வியும் பதிலும் சொல்லித் தருபவர் இவர். எத்தனை மணி நேரம் வேலை? எட்டு. கூடுதல் நேரம் கட்டாயமா? "யாரும் கட்டாயப்படுத்தலீங்க, என் சொந்த விருப்பத்துலதான் செய்யறனுங்க." குழந்தைகளுக்கு என்ன ஏற்பாடு? "எல்லாத்தையும் கம்பெனியே பாத்துக்குதுங்க." ஒருமுறை தையல்காரப் பெண்ணொருத்தி எழுந்து, எட்டு மணி நேரம் என்று சொல்கிறோமே, மீதி நான்கு மணி நேரம் எங்கே போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது என்றாள். கேண்டீன் சிரித்தது. அவரும் சிரித்தார்.

"கேக்க மாட்டாங்க கண்ணு. கேட்டா பீஸ் வெல ஏறும். அது அவங்களுக்கும் தெரியும்."

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப எச்சரிப்பார். எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லக்கூடாது, ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றிச் சொல்ல வேண்டும், இல்லையேல் மனப்பாடம் என்று தெரிந்துவிடும் என்பார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகரை வேண்டுகிறேன்.

கேண்டீனில் அப்படிக் கேட்ட அந்தப் பெண் எங்கள் தென்பக்கத்தைச் சேர்ந்தவள். என்னைப் பெரியப்பா என்று அழைப்பாள். முதலாளியின் தம்பி மகன் உற்பத்திப் பிரிவைப் பார்த்துவந்தான். அவன் இவளை விரும்பி, தன் வீட்டார் வராமலே கோயிலில் வைத்து மணந்தான். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு பொங்கலுக்கு ஊத்துக்குளியில் இருந்த தகப்பன் வீட்டுக்குத் தனியே போனவன் பிறகு இவள் இருந்த வாடகை வீட்டுக்குத் திரும்பவில்லை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அங்கே பால் கறக்கும் மாடுகளும் தோட்டமும் இருந்தன, பேசி முடித்த வேறொரு பெண்ணும் இருந்தாள். இவள் மூன்றாம் லைனில் தைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் பட்டன் வாங்க வந்தவள் என் மேசையருகே நின்று சொன்னாள். "போறவுக போகட்டும் பெரியப்பா. நான் மல்லுக்கு நிக்கல. பாப்பாவுக்கு மட்டும் மாசாமாசம் ஏதாச்சும் குடுத்தாப் போதும். அது படிக்கணும்லா."

அவள் கேட்டது அவ்வளவுதான். கணவனின் வீட்டார் காஸ்டிங்காரரை அழைத்தார்கள்.

அவர் அவளை மிரட்டினார் என்று யாரும் எண்ண வேண்டாம். கேண்டீனில் உட்காரவைத்து, தம் செலவில் முழுத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். நான் பார்த்த ஒரே முழுத் தேநீர் அது. பிறகு அவளுக்காகவே தனியாக ஒரு தாள் போட்டுக் காட்டினார். வழக்காடினால் அவளுக்கு என்ன செலவாகும் என்பது அதில் இருந்தது. வழக்கறிஞருக்கு இவ்வளவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகும் நாள் கூலி இவ்வளவு, பேருந்துக்கு இவ்வளவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரிக்கு இவ்வளவு, இப்படி மூன்று ஆண்டு. அதில் ஒரு எண்ணும் பொய்யில்லை. பொய் இருந்திருந்தால் யாரிடமாவது காட்டி மறுத்திருக்கலாம். அவள் அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு எழுந்தபோது பாதித் தேநீர் மீதமிருந்தது.

மாதத் தொகை என்பதை மட்டும் அவர் ஏற்கவே இல்லை. என்னிடம் விளக்கினார்: "முடியற தேதி இல்லாத ஆர்டரை யாராவது எடுப்பாங்களாங்க?" அவள் தாய் போட்ட நகையும் கையில் ஒரு சிறு தொகையும் கொடுத்து, இருவரும் மனமொத்துப் பிரிவதாக எழுதி வாங்கிவிட்டால் முடிந்தது என்றார். அந்த ஒப்பந்தத்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்.

இங்கேதான் என் காரணம் வருகிறது. நான் எட்டாம் வகுப்புக்குமேல் பள்ளிக்குப் போகாதவன். நூலகத்தில் இரவல் வாங்கிப் படித்துப் படித்துத் தமிழ் எழுதக் கற்றவன். நிறுவனத்தில் வாழ்த்துமடல், இரங்கல் தீர்மானம், கோரிக்கை மனு எதுவானாலும் என்னிடம்தான் வரும். காஸ்டிங்காரர் போட்ட முந்தைய பிரிவினை ஒப்பந்தங்களையும் நானே எழுதியிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் தாளைக் கையில் பிடித்து, "உங்க எழுத்துல ஒரு கௌரவம் இருக்குதுங்க" என்பார். அந்தச் சொல்லுக்காக நான் எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதையும் எழுதினேன். "எனக்காகவோ என் மகவுக்காகவோ இனி எக்காலத்தும் எவ்வித உரிமையும் பாத்தியதையும் கோரேன் என்று என் முழு மனத்துடன் உறுதி கூறுகிறேன்" என்ற வாக்கியம் என்னுடையது. அதன் ஓசையை நான் இரண்டுமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

அவளுக்கு அதை வாசித்துக் காட்டவும் என்னையே வைத்தார்கள். வாசித்தேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"நீங்க எழுதுனதா பெரியப்பா?"

"ஆமாம்மா."

"அப்பம் சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்திட்டாள்.

மனுக் கொடுத்து ஆறு மாதம் கழித்து இருவரையும் நீதிபதி நேரில் விசாரிக்கும் நாள் வந்தது. அதற்கு முன்தினம் ஒத்திகை. கணவன் ஒரே ஒருமுறைதான் வரமுடியும் என்றான். கேண்டீனும் கால்மணி நேரம்தான் காலியாக இருந்தது. ஆகவே அவளுக்கு ஒரு தடவை, அவனுக்கு ஒரு தடவை என்று பிரிக்காமல், இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். "ஐயா கேட்டா ரெண்டு பேரும் இதைத்தானுங்க சொல்லோணும்: யாரும் கட்டாயப்படுத்தலீங்க, என் சொந்த விருப்பத்துலதானுங்க. எங்க, சொல்லு கண்ணு." அவளுக்கு அது புதிதில்லை. கூடுதல் நேர வேலைக்குப் பல ஆண்டாகச் சொல்லிவந்த பதில்தான்.

மறுநாள் காலை நிறுவனத்தின் வேனிலேயே போனோம். சாயப்பட்டறைக்குத் துணி இறக்க வேண்டிய நாளாகப் பார்த்து, இந்தப் பயணத்துக்குத் தனிச் செலவு இல்லாதபடி அவர் ஏற்பாடு செய்திருந்தார். பின்னால் துணி உருளைகள். நடு இருக்கையில் அவரும், சாட்சியாக நானும், ஜன்னலோரம் அவளும். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் கணவன். பிரியப் போகிறவர்கள் ஒரே வண்டியில் போவதை நான் அதற்குமுன் கண்டதில்லை. தாயின் மடியில் இருந்த குழந்தை, இருக்கைகளின் நடுவே நுழைந்து, தகப்பன் மடிக்குத் தாவியது. அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். பல மாதமாகக் காணாத தகப்பனின் சட்டைப் பட்டனை அது திருகிக்கொண்டே வந்தது. காஸ்டிங்காரர் நேரம் பார்த்தார்.

நீதிபதி ஓர் அம்மையார். முதலில் கணவனைக் கேட்டார். அவன் சொன்னான். பிறகு இவளைக் கேட்டார். இவளும் அதே வார்த்தைகளை, அதே வரிசையில், தென்பக்கத்து வாயில் ஒட்டாத அந்த "லீங்க"வோடு சேர்த்துச் சொன்னாள். அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். தாளைப் புரட்டினார். என் வாக்கியத்தில் அவர் கண் நிற்பதைக் கதவருகே நின்ற நான் கண்டேன்.

"குழந்தை படிக்கிறதா? அதன் செலவை யாரம்மா பார்க்கப் போகிறார்கள்?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. கணவனைப் பார்த்தாள், வழக்கறிஞரைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு, மனப்பாடத்தில் மிச்சமிருந்த பதிலைச் சொன்னாள்.

"எல்லாத்தையும் கம்பெனியே பாத்துக்குதுங்க."

யாரோ சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை.

"எந்தக் கம்பெனி?"

அதன் பின்தான் அவள் தன் சொந்தப் பேச்சில் பேசினாள். அழாமல் பேசினாள். "பாப்பாவுக்கு மாசாமாசம் ஏதாச்சும் வேணும்மா. நான் கேட்டேன். கேக்கப் போனா எனக்குச் செலவு சாஸ்தி ஆவும்னு கணக்குப் போட்டுக் காட்டுனாவ. அதான் விட்டுட்டேன்."

தாய் தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம், குழந்தையின் உரிமையை எழுதிக் கொடுக்க அவளுக்கு அதிகாரமில்லை என்று அம்மையார் சொன்னார். குழந்தைக்கு வழி செய்து வேறு தாள் கொண்டுவாருங்கள் என்று அடுத்த தேதி கொடுத்தார். அடுத்த முறை குழந்தைக்கு மாதத்தொகை எழுதப்பட்டது. அது இன்றுவரை ஒழுங்காக வருகிறது. அதில் காஸ்டிங்காரருக்கும் எனக்கும் எந்தப் பெருமையும் இல்லை.

சென்ற மாதம் ஒரு திருமண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. ஆனால் அவருடைய இரண்டாம் தொழில் ஓயவில்லை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தபடி, மகிழ்ச்சியாகச் சொன்னார்: "அந்தப் புள்ள கேஸ்ல கத்துக்கிட்டதுங்க அண்ணாச்சி. இப்பெல்லாம் ரெண்டு பேருக்கும் தனித்தனியாத்தான் சொல்லித் தர்றது. ஆளுக்கு ஒரு மாதிரி." இலையை மூடினேன். அவர் என் இலையில் மிஞ்சியதைப் பார்த்தார். அதன் விலை அவருக்குத் தெரிந்திருக்கும்.

நீதிமன்றத்திலிருந்து அன்று திரும்பிய பயணத்தைச் சொல்லி முடிக்கிறேன். குழந்தை தகப்பன் மடியில் உறங்கிவிட்டது. காஸ்டிங்காரர் தம் தாளை முழங்காலில் விரித்தார். முன்பக்கம் அளவுப் பட்டியல், பின்பக்கம் இந்த விவாகரத்து. முதல்முறையாக அதை முழுதும் அருகிலிருந்து பார்த்தேன். அடியில் "இதர செலவுகள்" என்று தலைப்பிட்டு நான்கு வரிகள் இருந்தன. ஜெராக்ஸ், டீ, குழந்தை, எழுத்து. குழந்தைக்கு எதிரே ஒரு சுழி. எழுத்துக்கு எதிரே, "செலவில்லை - ஸ்டோர்காரர்."

அவர் குழந்தையின் சுழியை அடித்துவிட்டு, மாதத்துக்கு ஒரு தொகை எழுதி, அது பதினெட்டு வயதுவரை எத்தனை மாதம் என்று பெருக்கினார். விடையைக் கண்டு பெருமூச்சு விட்டார். என் மனைவியின் உடலருகே நின்றபோதுகூட அவர் அப்படி மூச்சு விடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"புதுசா ஒண்ணு எழுதோணுமுங்க அண்ணாச்சி. உங்க எழுத்துல ஒரு கௌரவம் இருக்குதுங்க."

"நான் எழுத மாட்டேன்" என்றேன்.

ஏன் என்று கேட்பார், விளக்கம் சொல்லலாம் என்று எண்ணினேன். அவர் கேட்கவில்லை, முகமும் மாறவில்லை. "பரவாயில்லீங்க. கோர்ட்டு வாசல்ல டைப் அடிச்சுக் குடுக்கறாங்க. பக்கத்துக்கு இருவதுதான்" என்றார். இரண்டு பக்கம் வரும் என்று கணித்தார். "செலவில்லை" என்பதையும் என்னையும் சேர்த்து ஒரே கோட்டில் அடித்து, மேலே நாற்பது என்று எழுதி, கூட்டுத்தொகையைத் திருத்தினார். என் மறுப்பு அவருக்கு அவ்வளவில் முடிந்தது.

ஜன்னலோரத்திலிருந்து, தலையைத் திருப்பாமலே அவள் சொன்னாள்.

"இந்தத் தடவ யாரும் வாசிச்சுக் காட்ட வேண்டாம் பெரியப்பா. நானே வாசிச்சுக்கிடுதேன்."

அவள் தெருமுனையில் வேன் நின்றது. இறங்கி, முன்பக்கம் சுற்றிப் போய், உறங்கும் குழந்தையைக் கணவனின் மடியிலிருந்து தூக்கினாள். அதன் விரல்கள் அவன் சட்டைப் பட்டனைப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாக அவளே பிரித்தெடுத்தாள்.